வீழும் மரமும் கூலிக் கணக்கும்

இணைச்சட்ட நூலின் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு விபத்து பேசப்படுகிறது. ஒருவன் தன் அயலானோடு மரம் வெட்டக் காட்டிற்குச் செல்கிறான். ஓங்கிய கோடரியின் இரும்பு காம்பினின்று கழன்று உடன்வந்தவன்மேல் படுகிறது, அவன் இறந்துபோகிறான். பகையின்றி நேர்ந்த இச்சாவுக்குக் காரணமானவன் அடைக்கல நகருக்கு ஓடி உயிர் பிழைக்கலாம் என்கிறது சட்டம். அதே நூலின் 22-ஆம் அதிகாரமோ, புது வீடு கட்டுவோர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்று பணிக்கிறது. யாரேனும் விழுந்தால் அப்பழி வீட்டாரைச் சேரும். முன்னது, நேர்ந்தபின் செய்வது. பின்னது, நேருமுன் செய்வது. காட்டுத் தொழில் நெடுங்காலம் முதற்சட்டத்தோடு நின்றுவிட்டது. கைப்பிடிச்சுவரைப் பற்றி அது எண்ணத் தொடங்கியது அண்மையில்தான்.

கோடரியும் இருவர் இழுக்கும் ரம்பமும் இருந்த நாளிலும் காட்டில் மனிதர் மடிந்தனர். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஒருவரே தூக்கிச் செல்லத்தக்க சங்கிலி ரம்பம் பரவியபோது ஆபத்தின் முகமே மாறிற்று. வேலை பன்மடங்கு விரைவாயிற்று, காயமும் அவ்வாறே. ரம்பத்தின் முனை மரத்தில் இடறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது வெட்டுபவரின் முகத்தை நோக்கித் துள்ளும். ஓயாத அதிர்வால் விரல்கள் வெளிறி உணர்விழந்தன. அதிர்வு குறைந்த கைப்பிடி, சங்கிலியை உடனே நிறுத்தும் தடை, தலைக்கவசம், காலுக்குத் தடித்த காப்புடை எனப் பொறியாளர்கள் ஒவ்வொன்றாகக் கண்டளித்தனர். இவை போதும் என்றே பலரும் எண்ணினர்.

போதாது என்பதைச் சுவீடன் நாட்டு மரம் வெட்டுவோர் உணர்த்தினர். அங்கே அவர்களுக்கு வெட்டிய மரத்தின் அளவுக்கேற்பக் கூலி கணக்கிடப்பட்டது. சாயும் மரம் பக்கத்து மரத்தில் சிக்கித் தொங்கினால், அதை முறைப்படி இழுத்து இறக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்திற்குக் கூலி இல்லை. ஆகவே தொங்கும் மரத்தின் அடியிலேயே நின்று அடுத்த மரத்தை வெட்டினர். அஃது அறியாமையன்று. விதியை அறிந்தவர்களே அதை மீறினர், வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே என்பதற்காக. 1975-இல் அவர்கள் வேலையை நிறுத்தி மாதச் சம்பளம் கேட்டனர், பெரும்பாலும் பெற்றனர். அதன்பின் விபத்துகள், குறிப்பாகக் கொடியவை, குறைந்தன என்று ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அதே ஆண்டுகளில் கருவிகளும் பயிற்சியும் மேம்பட்டன என்பதையும் மறைத்தல் ஆகாது. எனினும் கூலி கணக்கிடும் முறையே ஒரு பாதுகாப்புக் கருவியாகும் என்ற உண்மை அன்று வெளிப்பட்டது.

பிரிட்டனில் மாற்றம் சட்டத்தின் வழியாக வந்தது. ராபன்ஸ் பிரபு தலைமையிலான குழுவின் 1972 அறிக்கையைத் தொடர்ந்து, 1974-இல் பணியிட நலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. (1966-இல் அபர்ஃபான் என்னும் சிற்றூரில் சுரங்கக் கழிவுமேடு சரிந்து 116 குழந்தைகள் உள்ளிட்ட 144 பேர் மாண்டபோது, பழிசுமத்தப்பட்ட நிலக்கரி வாரியத்தின் தலைவராயிருந்தவரும் இதே ராபன்ஸ்தான். வரலாறு சில வேளைகளில் விந்தையான கைகளைத் தேர்ந்துகொள்கிறது.) தம்மிடம் ஊதியம் பெறாதோருக்கும், வழிப்போக்கருக்குங்கூட, வேலை நடத்துவோர் பொறுப்பு என்றது அச்சட்டம். அதன் நிழலில் இன்று அந்நாட்டுக் காட்டுப்பணியில் நில உரிமையாளர், பணி மேலாளர், ஒப்பந்தக்காரர், தொழிலாளி என நால்வருக்கும் கடமைகள் பகுக்கப்பட்டுள்ளன. இவர்களுள் பணி மேலாளரின் பங்கு கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் மரம் வெட்டுவதில்லை. வெட்டுமுன் காட்டை நடந்து பார்க்கிறார். மின்கம்பி எங்கே, மக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை எங்கே, பட்டுப்போன மரம் எது, அடிபட்டவரை ஏற்றிச்செல்ல வண்டி எதுவரை வரும் என்று குறித்துக்கொள்கிறார். சாயும் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவுக்குள் வேறெவரும் நிற்றல் கூடாது என்ற விதி காக்கப்படுகிறதா என்று பார்ப்பதும் அவர் கடன். எல்லாவற்றிற்கும் மேலாக, வேலையை நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது.

அந்த அதிகாரத்தின் அருமை புயலுக்குப் பின்னர்தான் புலப்படும். 1987 அக்டோபர் 16 விடியலில் தென் இங்கிலாந்தில் வீசிய புயல் ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் மரங்களைச் சாய்த்தது. ஏழு ஓக் மரங்களின் பெயர் தாங்கிய செவனோக்ஸ் ஊரில் ஆறு வீழ்ந்து ஒன்றே எஞ்சியது. விழுந்த மரம் செத்த பாம்பன்று. வளைந்த அதன் தண்டில் ஒருபுறம் இறுக்கமும் மறுபுறம் இழுவிசையும் அடங்கிக் கிடக்கின்றன. பக்கம் தவறி அறுத்தால் சாட்டையாய்ச் சுழன்று அடிக்கும். மண்ணோடு பெயர்ந்து சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் வேர்ப்பகுதியோ, தண்டை அறுத்த மறுகணமே பழைய குழிக்குள் சாயலாம். அதை இயந்திரத்தால் பிணைத்துப் பிடிக்காமல் அறுக்கலாகாது.

2005 சனவரி 8, 9 நாள்களில் தென் சுவீடனை உலுக்கிய குட்ரூன் புயல் இதனினும் கொடியது. சுமார் 7 கோடியே 50 இலட்சம் கன மீட்டர் மரம் சாய்ந்தது. நாடு முழுவதும் ஓராண்டில் வெட்டும் மரத்திற்கு ஏறக்குறைய ஈடான அளவு இது. புயலில் இறந்தோர் 7 பேர். அதன்பின் மரங்களை அகற்றும் பணியில் இறந்தோர் அதனினும் மிகுதி. கோடைக்குள் அகற்றாவிடில் வண்டு புகுந்து மரத்தைக் கெடுப்பதோடு, நிற்கும் மரங்களையும் பற்றிக்கொள்ளும் என்ற அவசரம் எங்கும் நிலவியது. தென் சுவீடனின் காடுகளில் பெரும்பகுதி குடும்பங்களுக்குச் சொந்தமானவை. பெரிய நிறுவனங்களின் காட்டில் மேலாளர் இருந்தார், இயந்திரம் வந்தது, வேலை வரிசைப்படி நடந்தது. சொந்தக்காட்டில் தனியே ரம்பத்தோடு இறங்கிய விவசாயிக்குக் கூலிக் கணக்கு இல்லை. தந்தையும் பாட்டனும் நட்ட மரம் வீணாகிறதே என்ற வேதனை மட்டும் இருந்தது. அவரை நிறுத்தச் சொல்ல அங்கே எவரும் இல்லை.

அகற்றிய மரங்களுள் சுமார் 10 இலட்சம் கன மீட்டர் பியூஹோல்மா என்னும் இடத்துப் பழைய விமானத்தளத்தில் அடுக்கப்பட்டது. உலகின் மிகப்பெரிய மர அடுக்கு என்று அது பேசப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடந்த அந்த அடுக்கின்மீது, மரம் கெடாதபடி நீரைத் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.