கிராமத்தை நாடிய வைத்தியம்

நோய் எந்த ஊருக்கும் வரும். வைத்தியர் எல்லா ஊருக்கும் வருவதில்லை. குடிமக்கள் யாவருக்கும் மருத்துவ உதவி கிடைக்கவேண்டும் என்று முயலும் ஒவ்வொரு நாடும் இந்த வேறுபாட்டை எதிர்நோக்கியே தீரவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இப்பிரச்சினை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே எழுந்தது. அதைத் தீர்க்க அங்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சி இன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

மேனாட்டு மருத்துவம் வருமுன்னர் யாழ்ப்பாணத்தில் வைத்தியமே இல்லாதிருந்தது என்று கொள்ளுதல் பிழையாகும். தமிழ் மன்னர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் அங்கு வழங்கின. பரியாரிமார் பரம்பரை பரம்பரையாக ஊர்களில் வாழ்ந்து மருந்து கொடுத்தனர். ஆயினும் வாந்திபேதி போன்ற கொள்ளைநோய்கள் பரவியபோதும், அறுவைச் சிகிச்சை வேண்டியபோதும், மக்கள் துணையற்றே நின்றனர்.

இந்நிலையில் அமெரிக்க மிசன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1819ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணம் வந்தார். பண்டத்தரிப்பைத் தம் இருப்பிடமாகக் கொண்டு பல ஆண்டுகள் சிகிச்சை அளித்தார். 1847இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்து சேர்ந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்ற அவருக்கு அப்போது வயது 25. அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருந்தகம் நடத்தியதோடு, சில இளைஞரைச் சேர்த்து மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார். 1850இல், அரசாங்க அதிபர் டைக் அவர்களின் ஆதரவோடு யாழ் நகரில் ஒரு தரும வைத்தியசாலையும் நிறுவப்பட்டது. அதனை 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. இன்றைய யாழ் போதனா வைத்தியசாலையின் தோற்றம் அதுவே.

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணவரும் திறமையாகவே தேறினர். ஆனால் ஆங்கிலமும் மருத்துவமும் ஒருங்கே கற்றவருக்கு அரசாங்க உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் காத்திருந்தன. கிராமத்திற்கென உருவாக்கப்பட்ட வைத்தியர் கிராமத்தில் தங்கவில்லை. 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பிய கிறீன், இதற்கு மாற்றுக் கண்டார். தமிழிலே கற்றவர் தமிழ்க் கிராமத்திலே தங்குவர், அயலவரோடு அவர்தம் மொழியிலேயே பேசி நோயறிவர் என்பது அவர் துணிபு. 1860களின் நடுப்பகுதியில் மானிப்பாயில் மருத்துவக் கல்வி தமிழில் நடைபெறலாயிற்று. மாணவர் உடையிலும் வாழ்க்கையிலும் ஐரோப்பியரைப் பின்பற்றுவதையும் அவர் விரும்பவில்லை.

கற்பிக்க நூல்கள் வேண்டுமே! பிரசவ வைத்தியம் பற்றிய தமிழ் நூல் 1857இலேயே வெளிவந்திருந்தது. இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் அச்சேறின. அறுவைச் சிகிச்சை, உடற்கூறு, நோய்ச் சிகிச்சை, இரசாயனம் ஆகிய துறைகள் இவ்வாறு தமிழிலே பயிலப்பட்டன. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழை நாடுதல், இன்றேல் வடமொழியைக் கொள்ளுதல், அதுவும் இயலாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் வழங்குதல் என்பதே அவர் கைக்கொண்ட முறை. நூற்பெயர்களிலேயே இம்முறையின் சாயலைக் காணலாம். மொழிபெயர்ப்பில் அவர்தம் மாணவரும் பங்குகொண்டனர். கிறீன் சமய ஊழியர். மதத்தைப் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது. எனினும் அவர் பயிற்றிய வைத்தியர் 60க்கு மேற்பட்டோர் என்பதும், அவருட் பாதியளவினர் தமிழிற் கற்றவர் என்பதும் மறக்கற்பாலன அல்ல.

கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டகன்றார், 1884இல் காலமானார். இதற்கிடையில், 1870இல், கொழும்பில் அரசாங்க மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தது. உத்தியோகத்திற்கு வழி அதுவே ஆயிற்று. தனியொருவரின் உழைப்பால் எழுந்த தமிழ் மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலையும், 1898இல் இணுவிலில் தொடங்கிய மக்லியொட் வைத்தியசாலையும் நோயாளரைப் பேணின. எனினும் தருமப் பணமும் மிசன் தொண்டும் எல்லா ஊர்களையும் எட்டமாட்டா.

அந்தப் பொறுப்பை அரசு ஏற்கும் காலம் 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையோடு தொடங்கியது எனலாம். கிராமத்தவரின் வாக்கை நாடியவர்கள், கிராமத்திற்கு மருந்தகமும் சிறு வைத்தியசாலையும் கேட்டுப் பெறவேண்டியவராயினர். தென்னிலங்கையிற் பல்லாயிரவரைப் பலிகொண்ட 1934-35ஆம் ஆண்டு மலேரியா, அத்தேவையை மேலும் உணர்த்தியது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 1971இற் சிறு கட்டணம் மீண்டும் வந்து 1977இல் ஒழிந்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தோன்றியது. பின்னர் நேர்ந்த நீண்ட போரில் வைத்தியசாலைகளே தாக்குதலுக்கு உள்ளாயின. அக்காலத்தும் ஊரை விட்டகலாது பணிபுரிந்த வைத்தியரும் தாதியரும் ஊழியரும் இல்லையேல், இலவச மருத்துவம் என்பது யாழ்ப்பாணத்திலே வெறும் சொல்லாகவே எஞ்சியிருக்கும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். கிறீன் கண்ட சிக்கல் வேறு உருவில் மீண்டும் தோன்றியிருக்கிறது. அன்று கிராமத்திலிருந்து உத்தியோகத்திற்குச் சென்றனர். இன்று நாட்டிலிருந்தே செல்கின்றனர். கட்டணத்தை நீக்குவதற்கு ஒரு சட்டம் போதும். வைத்தியரை ஊரிலே தங்கச் செய்வதற்கோ, அவருக்கு அளிக்கும் கல்வியும், கொடுக்கும் ஊதியமும், வாழ்வதற்கான வசதியும் ஒருங்கே சிந்திக்கப்படல் வேண்டும். மானிப்பாயில் அன்று வகுப்பு நடத்தியவர் இவற்றுட் கல்வியை மட்டுமே தம்மால் இயன்ற அளவு செய்தார். ஏனையவற்றைச் செய்வது அரசின் கடனாகும்.