தென்கச்சியும் தென்காசியும்

பொதிகையிலிருந்து குதித்து இறங்கும் தாமிரபரணி, பாபநாசத்துப் படித்துறையை அடைந்ததும் சற்றே மூச்சு வாங்கிக்கொண்டு சமவெளிக்குப் புறப்படுகிறாள். அகத்திய முனிவர் வாசம் செய்வதாக நம்பப்படும் மலையின் அடிவாரம் அது. அங்கே உட்கார்ந்து சரித்திரம் எழுதப் புகுந்தவன் பாண்டியர்களைப் பற்றியோ பாளையக்காரர்களைப் பற்றியோ எழுதுவதுதான் முறை. நானோ ஒரு குரலைப் பற்றி எழுதப் போகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் காலை. மேலணைக்குப் போகும் பஸ்ஸுக்காகப் பாபநாசத்தில் காத்திருந்தேன். எதிரே ஒரு டீக்கடை. பலகையின் மேல் ஒரு டிரான்ஸிஸ்டர். 'இன்று ஒரு தகவல்' என்று அறிவிப்பு வந்ததும் கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். பெஞ்சில் அரசியல் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். அவசரமே இல்லாத ஒரு குரல், பக்கத்துத் திண்ணையிலிருந்து பேசுவதுபோல், மனிதனின் பேராசையைப் பற்றி ஏதோ சொல்லிற்று. கடைசியில் ஒரு சின்னக் கதை. பெஞ்சு முழுவதும் சிரித்தது. சொன்னவர் மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம தென்காசிக்காரர் பேச்சுன்னா பேச்சுதான், அண்ணாச்சி" என்றார் என் பக்கத்தில் இருந்த பெரியவர். தோளில் மண்வெட்டி, வயலுக்குப் போகிற வழி.

"அவர் தென்காசி இல்லை, ஐயா. தென்கச்சி. கொள்ளிடக் கரைப் பக்கம்" என்று என் படிப்பைக் காட்டினேன்.

பெரியவர் அசரவில்லை. "ஊரு எதுவா இருந்தா என்ன? ஏழு வருசம் நம்ம ஆத்துத் தண்ணி குடிச்ச மனுசன்லா!" என்றார்.

அவர் கணக்கில் பிழையில்லை. தென்கச்சி கோ. சுவாமிநாதன் அரியலூர்ச் சீமையைச் சேர்ந்தவர். வேளாண்மை படித்து, விவசாய இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். பிறகு அதை உதறிவிட்டுச் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் பத்தாண்டுகள் ஏர் பிடித்தார். சர்க்கார் உத்தியோகத்தை விட்டு வயலில் இறங்குகிறவனை உலகம் என்னவென்று சொல்லும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. 1977ல் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் விவசாய நிகழ்ச்சிகளுக்கு ஆசிரியராக வந்தார். 1984 வரை அங்கே இருந்தார்.

விவசாய ஒலிபரப்பை இன்று நாம் இளக்காரமாக நினைக்கலாம். ஆனால் சென்னையில் 1938லும் திருச்சியில் 1939லும் வானொலி நிலையம் ஏற்பட்ட பிறகு, நெல்லைச் சீமை 1963 வரை காத்திருந்துதான் தனக்கென ஒரு நிலையத்தைப் பெற்றது. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் தஞ்சாவூர் விவசாயிகள் ஆடுதுறை 27 என்ற புது நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள். அதைப் பற்றி அவர்கள் முதலில் கேள்விப்பட்டது வானொலியில்! ஒரு பேச்சைக் கேட்டுவிட்டுப் பரம்பரை விதையை மாற்றுவதென்றால் சாமானிய விஷயமா? பொய்த்தால் ஒரு வருஷச் சாப்பாடு போயிற்று.

அப்படிப்பட்ட ஜனங்களிடம் பேசிப் பழகினவர் சுவாமிநாதன். காரும் பிசானமும் பார்த்துத் தேறிய தாமிரபரணி விவசாயியிடம் உபதேசம் செல்லாது. குரலை உயர்த்தினால் ரேடியோவை நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான். நாலே நிமிஷத்தில், அவனுக்குத் தெரிந்த வார்த்தையில், அவனோடு சமமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். இந்த வித்தையை அவர் மேடையில் கற்றிருக்க முடியாது.

சென்னை நிலையத்துக்குப் பதவி உயர்வில் போன பிறகு, 1988 ஜூலை 1ஆம் தேதி 'இன்று ஒரு தகவல்' தொடங்கிற்று. பதினாலு வருஷம் நடந்தது. ஒரு நல்ல எண்ணத்தைச் சொல்வார். அது உபதேசமாகக் கனக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு வேடிக்கைக் கதையால் அதையே குத்திக் காற்றை இறக்கிவிடுவார். 2002ல் ஓய்வு பெற்றார். சன் தொலைக்காட்சியில் 'இந்த நாள் இனிய நாள்' என்று காலை வேளையில் முகம் காட்டியபோதும் பேச்சு மாறவில்லை. ஜிகினாவும் கைதட்டலும் மலிந்த அந்தப் பெட்டிக்குள் ஒருவர் சும்மா உட்கார்ந்து பேசினார்; வீடுகள் கேட்டன. 2009 செப்டம்பர் 16ஆம் தேதி அந்தக் குரல் ஓய்ந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் போன்ற கதாசிரியர்களுக்கு அவரிடம் ஓர் அலட்சியம் இருந்தது. 'துணுக்குத் தோரணம்' என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் எழுதிய நாவல் எதற்காகவும் எந்தக் கடைக்காரரும் டீ ஆற்றுவதை நிறுத்தியதில்லை. அவர் பேச்சுக்கள் புத்தகங்களாக வந்தபோது வாங்கிப் படித்தேன். கதைகள் இருந்தன, கதைக்கு முன்னால் அவர் விடுகிற அந்த மௌனம் இல்லை. ராஜாக்கள் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனார்கள். குரலுக்கு ஏது கல்வெட்டு? கேட்டவர்கள் இருக்கிற வரையில்தான் அதற்கு ஆயுள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

இந்தக் கட்டுரையின் அச்சுப் பிரதி திருத்தத்துக்கு வந்தபோது, தென்கச்சி என்ற பெயர் எல்லா இடத்திலும் 'தென்காசி' என்று மாறியிருந்தது. பொறுமையாக ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அந்தப் பெரியவர் பக்கத்தில் இருந்திருந்தால், "கெடக்கட்டும் அண்ணாச்சி, விட்டுருங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.