எதைத் தேடினார்களோ அதையே கண்டார்கள்

வரலாறு என்றாலே பொறியியல் படித்த நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். பத்தாம் வகுப்போடு தலைமுழுகிய சமாச்சாரம்! ஆனாலும் இந்த மலரில் ஒரு வரலாற்று ஆசிரியரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். காரணம், அவர் எழுதியது பெரும்பாலும் நம்ம ஆட்களைப் பற்றி. சங்கிலியும் செக்ஸ்டன்டும் தூக்கிக்கொண்டு காடு மலை அலைந்த சர்வேயர்களைப் பற்றி.

அவர் பெயர் வில்லியம் கெட்ஸ்மன் (1930–2010). அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். 1959-ல் வெளிவந்த அவரது நூல், 1803 முதல் 1863 வரை அமெரிக்க ராணுவம் மேற்குப் பகுதியில் நடத்திய ஆய்வுப் பயணங்களைச் சொல்கிறது. 1838-ல் தனிப் பிரிவாக அமைக்கப்பட்ட நிலவரைபடப் பொறியாளர் படைதான் அதன் கதாநாயகன். 1966-ல் வந்த ‘எக்ஸ்ப்ளோரேஷன் அண்ட் எம்பயர்’ என்ற பெரிய நூல் அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது.

அவர் சொல்லும் முக்கியமான கருத்து ஒன்றுதான். கண்டுபிடிப்பு வேறு, ஆய்வுப் பயணம் வேறு. கண்டுபிடிப்பு தற்செயலாகவும் நடக்கலாம். ஆய்வாளன் அப்படியல்ல, அவனை ஒருவர் அனுப்புகிறார், கையில் ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறார். அவன் கண்ணில் படுவதையும் படாமல் போவதையும் பெரும்பாலும் அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

உதாரணம் பாருங்கள். 1803-ல் ஜனாதிபதி ஜெபர்சன், மெரிவெதர் லூயிஸுக்குக் கொடுத்த உத்தரவில் முதல் கேள்வி வணிகத்துக்கான நீர்வழி: மிசௌரி ஆற்றின் வழியே பசிபிக் கடலுக்குப் போக முடியுமா? 1804-ல் கிளம்பிய லூயிஸ்–கிளார்க் குழு 1806-ல் திரும்பி வந்தது. சுலபமான நீர்வழி இல்லை என்பது தெரிந்தது. ஆனால் எங்கே பீவர் தோல் கிடைக்கும் என்பதும் தெரிந்துபோனதே! தோல் வியாபாரிகள் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள்.

1820-ல் ஸ்டீபன் லாங் என்ற ராணுவப் பொறியாளர் நடுச் சமவெளியைக் கடந்தார். மரமில்லை, தண்ணீர் குறைவு. விவசாயத்துக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டி, தன் வரைபடத்தில் ‘பெரும் அமெரிக்கப் பாலைவனம்’ என்று எழுதிவிட்டார். அந்தப் பகுதிகள் பலவற்றில் பின்னாளில் கோதுமை விளைந்தது. கிழக்கே மரமும் மழையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புல்வெளி பாலைவனமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

ரயில் பாதை விவகாரம் இன்னும் சுவாரஸ்யம். பசிபிக் கரைக்கு எந்த வழியாக ரயில் விடுவது என்று வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் ஒரே சண்டை. ‘பொறியாளர்கள் அளந்து சொல்லட்டும்’ என்று 1853-ல் அமெரிக்க காங்கிரஸ் 1,50,000 டாலர் ஒதுக்கியது. அளந்தார்கள். கன்னிசன் என்ற அதிகாரி அந்தப் பணியிலேயே யூட்டா பகுதியில் உயிரை விட்டார். கடைசியில் கிடைத்த பதில்? ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் பாதை போட முடியும்! போர் அமைச்சர் ஜெபர்சன் டேவிஸ் தெற்கத்திக்காரர். அவர் சிபாரிசு செய்ததும் தெற்கு வழியைத்தான். ‘எங்கே முடியும்’ என்பது தியோடலைட்டுக்கான கேள்வி. ‘எங்கே வேண்டும்’ என்பதைத் தியோடலைட்டிடம் கேட்டால் அது என்ன செய்யும், பாவம்!

லெப்டினன்ட் ஐவ்ஸ் கதையும் உண்டு. 1857–58-ல் நீராவிப் படகில் கொலராடோ ஆற்றில் மேலேறி, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கை எட்டினார். அவருக்குக் கொடுத்த வேலை, படகு எதுவரை போகும் என்று பார்ப்பது. ஆகவே அந்த இடம் எதற்கும் பிரயோஜனமில்லை, இனி வெள்ளையர் யாரும் இங்கே வரப்போவதில்லை என்கிற தோரணையில் எழுதினார். 1919-ல் அது தேசியப் பூங்காவானது. இன்று ஆண்டுக்குப் பல லட்சம் பேர் போய்ப் பார்க்கிறார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஐவ்ஸுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் மொஹாவே இனத் தலைவர் இரடேபா. அந்தப் பள்ளத்தாக்கில் ஹவசுபாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். ‘யாரும் வராத இடம்’ என்ற கணக்கில் அவர்கள் சேர்த்தியே இல்லை. அப்படிக் கணக்கில் சேராதவர்கள்தான் பின்னர் மேற்கு முழுவதும் நிலத்தை இழந்தார்கள்.

எல்லோரும் அப்படியே இருந்துவிடவில்லை. 1869-ல் கொலராடோ ஆற்றில் இறங்கிய ஜான் வெஸ்லி பவல், உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். 1878-ல் அவர் தந்த அறிக்கை கேள்வியையே மாற்றியது: இங்கே எவ்வளவு நிலம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேளுங்கள். வழக்கமான 160 ஏக்கர் வறண்ட மேய்ச்சல் நிலத்துக்குப் போதாது, 2,560 ஏக்கர் வேண்டும் என்றார். அவர் யோசனையைக் காங்கிரஸ் ஏற்கவில்லை. மேற்கில் தண்ணீர்ச் சண்டை இன்னும் ஓயவில்லை.

சர்வே கேம்ப்பில் ‘குளோசிங் எரர்’ வந்தால் மறுபடி முதலிலிருந்து அளந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அளவில் வரும் பிழையைப் பிடிக்க நமக்கு வழி இருக்கிறது. கேள்வியில் இருக்கும் பிழையை எந்தக் கருவியும் காட்டாது. நான் இன்று பார்க்கும் சாத்தியக்கூறு அறிக்கைகளிலும் ‘இந்த வழியில் சாலை போட முடியுமா?’ என்று கேட்கிறார்கள். ‘முடியும்’ என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்த வழியில் யார் இருக்கிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது கேள்வித்தாளிலேயே இருப்பதில்லை. கேட்கப்படாவிட்டாலும் அதையும் ஒரு பத்தியாவது எழுதிச் சேர்ப்பதை, கெட்ஸ்மனைப் படித்த பிறகு வழக்கமாக்கிக்கொண்டேன்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சைக்கு வராத புத்தகம்தான், ஆனாலும் ஒரு விடுமுறையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். அடுத்த சந்திப்பில் அதைப் பற்றிப் பேசுவோம்.