எந்த ஸ்டேட்டு நீங்க?

போன குளிர்காலத்தில் ஒரு புதன்கிழமை ராத்திரி. இங்கே சிட்னியில் வீட்டுக்கு வீடு டிவியில் ரக்பி. நியூ சவுத் வேல்ஸுக்கும் குயின்ஸ்லாந்துக்கும் வருஷா வருஷம் நடக்கும் 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' மேட்ச். எனக்கு அந்த ஆட்டம் இன்னும் பிடிபடவில்லை. மகள்தான் விதிகளைச் சொல்லித் தருவாள்.

இடைவேளையில் கேட்டாள்: "அப்பா, நம்ம ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் எது?"

"தமிழ்நாடு" என்றேன், யோசிக்காமல்.

"உங்க பாஸ்போர்ட்ல நெய்யாற்றின்கரை, கேரளான்னு இருக்கே?"

மாட்டிக்கொண்டேன். இருபது வருஷமாக வெளியூரில் யார் கேட்டாலும் இந்தப் பதில்தான் சொல்லி வருகிறேன். தமிழ் பேசுகிறவன் கேரளா என்றால் அடுத்து பத்து நிமிஷம் விளக்கம் சொல்ல வேண்டும். அந்தச் சோம்பலில் சொன்ன பொய் அது. மகளிடம் அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழித்தேன். உங்களிடமும் கொஞ்சம் செலவழிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

எங்கள் வீடு பாறசாலைப் பக்கம். அம்மா பிறந்த வீடு களியக்காவிளைக்கு அப்பால், விளவங்கோடு தாலுகாவில். இரண்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். ஆனால் இது கேரளா, அது தமிழ்நாடு. பாட்டா (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அடிக்கடி சொல்வார்: "நான் எங்கயும் போகல்ல மக்களே. ஸ்டேட்டுதான் வந்து வந்து போச்சு."

அவர் சொன்னது கணக்குப்படி சரி. பிறந்தது திருவிதாங்கூர் ஸ்டேட்டில். 1949 ஜூலை 1-ல் கொச்சியும் சேர்ந்து திரு-கொச்சி ஆனது. 1956 நவம்பர் 1-ல் கேரளா. வீடு ஒன்று, திண்ணை ஒன்று, ஸ்டேட் மூன்று. இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று இடத்திலும் 'ஸ்டேட்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்டேட் என்றால் மன்னர் ஆண்ட சமஸ்தானம். அவன் நேரடியாக ஆண்ட சென்னை, பம்பாய் எல்லாம் மாகாணம். 1938-ல் தொடங்கிய திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பெயரில் இருப்பது அந்த ஸ்டேட்தான். பொறுப்பாட்சி கேட்டுப் போராடியவர்கள் அவர்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் 31-ல் எங்கள் நெய்யாற்றின்கரையிலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் உயிர்விட்டவர்களில் வீரராகவன் பெயரை ஊர் இன்றும் சொல்கிறது.

ஸ்டேட்டுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: தனி நாடு. ஐ.நா. சபை தன் உறுப்பு நாடுகளை அப்படித்தான் சொல்கிறது. 1776-ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் பதின்மூன்றும் தங்களை ஸ்டேட் என்று அறிவித்துக்கொண்டபோது இந்த அர்த்தம்தான் மனதில் இருந்தது. பிறகுதான் ஒன்றுக்குள் அடங்கின. திருவிதாங்கூருக்கும் அப்படி ஓர் ஆசை வந்தது. 1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் சுதந்திர நாடு என்று அறிவித்தார். ஜூலை 25-ல் அவரை ஒருவர் வெட்டினார். உயிர் பிழைத்தார். சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். ஒரு அர்த்தத்தில் ஸ்டேட்டாக இருந்தது, இன்னொரு அர்த்தத்தில் ஸ்டேட் ஆகப் பார்த்து, கடைசியில் மூன்றாவது அர்த்தத்தில் அடங்கியது.

அந்த மூன்றாவது அர்த்தம்தான் இன்றைய மாநிலம். அதற்குக் கோடு போடும்போதுதான் எங்கள் கதை வருகிறது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் வாழும் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கக் கேட்டது. அந்தப் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை. 1938-ல் ஸ்டேட் காங்கிரஸ் தலைவராக இருந்தாரே, அவரேதான். இதைச் சொல்லும்போது பாட்டாவின் குரல் கொஞ்சம் மாறும்.

பஸல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் மூவரும் இருந்த கமிஷன் 1955-ல் அறிக்கை கொடுத்தது. அதன்படி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னைக்குப் போய்க் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டைப் பகுதியும் போனது. நெய்யாற்றின்கரை போகவில்லை. தாலுகாவை மொத்தமாக எடுத்தால் மலையாளம் பேசுகிறவர்களே அதிகம். அது நியாயமான கணக்குதான். கணக்கில் நாங்கள் மீதி.

பாட்டாவின் தங்கை விளவங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவர். 1956-க்குப் பிறகு அண்ணனும் தங்கையும் வெவ்வேறு ஸ்டேட். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக்குவரத்து நிற்கவில்லை, பஸ் போர்டில் எழுத்து மட்டும் மாறியது.

சொல்லின் குழப்பம் அதோடும் தீரவில்லை. ஸ்டேட்டைத் தமிழில் அன்று ராஜ்யம் என்று எழுதினார்கள், 'சென்னை ராஜ்யம்' என்று. இன்று மாநிலம். சமஸ்தானம் என்றால் தமிழில் ராஜா காலத்துச் சங்கதி. ஆனால் மலையாளத்தில் இன்றைய மாநிலத்துக்கே சம்ஸ்தானம் என்றுதான் பெயர், ராஜ்யம் என்றால் நாடு! பள்ளியில் ஒரு புத்தகத்தில் 'கேரள சம்ஸ்தானம்' என்று படித்துவிட்டு, கேரளாவுக்கு ராஜா யாரு என்று பாட்டாவிடம் போய்க் கேட்டவன் நான்.

காமர்ஸ் படித்து பேங்கில் சேர்ந்த பிறகு இன்னொன்று புரிந்தது. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் என்பதை ஊரில் பலரும் திருவாங்கூர் ஸ்டேட்டின் பாங்க் என்றே நினைப்பார்கள். 1945-ல் தொடங்கியபோது அதன் பெயர் வெறும் திருவாங்கூர் பாங்க். 1960-ல் ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவின் துணை வங்கி ஆனபோதுதான் முன்னால் ஸ்டேட் ஒட்டியது. அப்போது திருவாங்கூர் என்றொரு ஸ்டேட்டே கிடையாது! இம்பீரியல் பாங்க் 1955-ல் ஸ்டேட் பாங்க் ஆனதே, அந்த ஸ்டேட் மாநிலம் இல்லை, அரசு என்ற பொருள். 2017 ஏப்ரல் 1-ல் திருவாங்கூர் பாங்கும் தாயோடு கலந்துவிட்டது.

அரசியல் சட்டத்தில் 1956-ல் சேர்த்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு ஸ்டேட்டும் முயல வேண்டும் என்கிறது. மாநிலங்களைப் பிரித்தபோதே, கோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கிப்போனவர்களையும் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு மகள் ரக்பி விதியைச் சொன்னாள். முன்பு எந்த ஸ்டேட் கிளப்பில் ஆடுகிறாரோ அந்த ஸ்டேட்டுக்கே ஒருவர் ஆட வேண்டும். சிட்னிக்குப் பிழைக்க வந்த குயின்ஸ்லாந்துக்காரர்கள் சொந்த ஊருக்கு எதிராகவே ஆடினார்கள். 1980-ல்தான் அதை மாற்றி, எங்கிருந்து வந்தாரோ அங்கேயே திரும்பப் போய் ஆடலாம் என்றார்கள்.

"அப்போ நீங்க கேரளாவுக்குத்தான் ஆடணும்பா" என்றாள்.

ஆமாம் என்றேன். அடுத்த வாரம் ஆபீசில் புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பையன் "சார் எந்த ஊர்?" என்று கேட்டான். "கேரளா, நெய்யாற்றின்கரை" என்றேன். "ஆனா தமிழ் நல்லா பேசறீங்களே சார்!"

அவனை உட்கார வைத்து ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். பத்து நிமிஷம் ஆகுமே.