சேலம், நாமக்கல் சமவெளியில் சிறார் நூலகச் சேவை: உதவிப் பணியாளர் பயிற்சி குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் முறைசார்ந்த நூலகப் பயிற்சி 1929ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்பயிற்சி பட்டம் பெற்றோருக்கான உயர்கல்வியாக வளர்ந்தபோது, சிறாரையும் அவர்களைப் பேணுவோரையும் நாள்தோறும் எதிர்கொள்ளும் கடைநிலைப் பணியாளரின் தேவை பின்தங்கியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முன்னுரை

ஊர்ப்புற நூலகம் பெரும்பாலும் ஒருவரே நின்று நடத்தும் நூலகமாகும். கதவைத் திறப்பவரும், செய்தித்தாளை விரிப்பவரும், நூல் வழங்குபவரும் அவரே. பள்ளி விட்டு வரும் சிறுவன் முதலில் காண்பதும் அவரையே. ஆகவே, அவர் பெற்ற பயிற்சியின் தன்மையே அச்சிறுவன் மீண்டும் வருவானா என்பதைத் தீர்மானிக்கிறது.

பயிற்சியின் தொடக்கம்

இந்தியாவில் நூலகப் பயிற்சிக்கு முன்னோடியாக அமைந்தது பரோடா அரசாகும். அங்கு 1911இல் அமெரிக்கரான போர்டன் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் இங்கிலாந்து சென்று, குராய்டன் பொதுநூலகத்தில் பெர்விக் சேயர்சிடம் நடைமுறைப் பயிற்சி பெற்றார். சேயர்ஸ் சிறார் நூலகங்கள் குறித்து நூல் எழுதியவர் என்பது இங்குக் கருதத்தக்கது. வாசகரை நடுவாகக் கொண்டு நூலகத்தை நோக்கும் அரங்கநாதனின் பார்வை, 1931இல் வெளியான ஐந்து விதிகள் பற்றிய நூலில் முழுமை பெற்றது. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்கவேண்டும் என்னும் இரண்டாம் விதி வயது வேறுபாடு பாராட்டுவதன்று.

1928இல் நிறுவப்பெற்ற சென்னை நூலகச் சங்கம் மறு ஆண்டில் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியை நடத்தியது. 1931இல் அதனைப் பல்கலைக்கழகம் ஏற்றது. 1937இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாயிற்று. இதனால் துறையின் தகுதி உயர்ந்தது. எனினும் பயிற்சி நகரத்திற்கும் பட்டதாரிக்கும் உரியதாகச் சுருங்கியது.

சட்டமும் பணிநிலைகளும்

தி. சு. அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்தபோது இயற்றப்பெற்ற 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுநூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும், சொத்து வரியுடன் பெறப்படும் நூலக வரியும் இதன் பயன்களாகும். 1972இல் பொது நூலகத்துறை தனி இயக்ககமாயிற்று, வே. தில்லைநாயகம் அதன் முதல் இயக்குநரானார். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனச் சேவை விரிந்தது. 1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமானபின் இவ்வமைப்பு இரு மாவட்டங்களிலும் தனித்தனியே தொடர்ந்தது. கடைநிலைப் பணியாளருக்கு வாய்த்த பயிற்சியோ, பெரிதும் பகுப்பாக்கம், நூற்பட்டி, பதிவேடு ஆகியவற்றைச் சார்ந்தே நின்றது.

சமவெளியின் தேவை

குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் விசைத்தறியும், நாமக்கல்லில் சரக்குந்துத் தொழிலும் கோழிப்பண்ணையும், சேலத்தில் சவ்வரிசி ஆலையும் வாழ்வாதாரங்கள். தந்தை நெடுந்தொலைவு ஓட்டத்தில் இருக்க, தாய் தறியில் நிற்கும் குடும்பத்தில் குழந்தையை நூலகத்திற்கு அழைத்துவருபவர் பாட்டியாகவோ மூத்த பிள்ளையாகவோ இருக்கலாம். அவர் எழுத்தறியாதவராகவும் இருக்கக்கூடும். படம் பார்த்துக் கதை சொல்லும் முறையை அவருக்குக் காட்டுதல், அகவைக்கேற்ற நூலைத் தேர்ந்தளித்தல், தேர்வுக்குப் படிக்கும் இளைஞரின் அமைதியும் சிறாரின் ஆரவாரமும் மோதாதவாறு நேரத்தையும் இடத்தையும் வகுத்தல் ஆகியன தனிப்பயிற்சி வேண்டும் திறன்கள். இவற்றை வகுப்பெண்ணோ நூற்பட்டியோ கற்பிக்க இயலாது. பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பிறப்பு முதல் 18 வயது வரையிலான சிறாரோடு அவர்தம் குடும்பத்தாரையும் பேணுவோரையும் சேவைக்குரியோராகக் கொள்கிறது.

முடிவுரை

1929ஆம் ஆண்டுக் கோடைப் பள்ளி குறுகிய காலத்தில் கற்பிக்கும் எளிய அமைப்பாக இருந்தது. அதே வடிவில், மாவட்ட மைய நூலகத்தை நடுவாகக் கொண்டு ஊர்ப்புற, பகுதிநேரப் பணியாளருக்குச் சிறார் சேவைப் பயிற்சி அளிப்பது புதுமையன்று; தமிழக நூலக மரபின் தொடக்கத்திற்குத் திரும்புவதேயாகும். நூலகத்தின் வாயிலில் நிற்பவருக்குப் பயிற்சி எட்டாதவரை, இரண்டாம் விதி ஏட்டளவிலேயே நிற்கும்.