உயிரினங்களின் பண்புகள்

உயிரினங்களின் பண்புகள் என்பவை உயிருள்ளவற்றை உயிரற்றவற்றிலிருந்து வேறுபடுத்தி அறிய உதவும் இயல்புகள் ஆகும். உயிரணுக்களால் ஆன உடலமைப்பு, வளர்சிதைமாற்றம், வளர்ச்சி, இனப்பெருக்கம், தூண்டலுக்கு எதிர்வினை, அகநிலை பேணல், தலைமுறைதோறும் சூழலுக்கு இசைவாதல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் கொண்டு ஒரு பொருள் உயிருள்ளது என முடிவு செய்ய இயலாது. பல பண்புகள் ஒருங்கே அமைவதே உயிரின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

ஒற்றைப் பண்பு போதாமை

திருநெல்வேலி மாநகரின் வண்ணார்பேட்டை, தாமிரபரணி ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. ஆறு ஓயாது நகர்கிறது, மழைக்காலத்தில் பெருகுகிறது, கரையை அரித்துத் தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. கரையிலுள்ள மருதமரமோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. அசைவே உயிரின் அடையாளம் எனக் கொண்டால், ஆறு உயிருள்ளதாகவும் மரம் உயிரற்றதாகவும் ஆகிவிடும். ஆற்று நீர் புவியீர்ப்பால் தாழ்விடம் நோக்கி ஓடுகிறது. மரமோ சூரிய ஒளியின் ஆற்றலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கி, அதனால் தன் உடலைக் கட்டுகிறது.

வளர்ச்சியும் இத்தகையதே. தூத்துக்குடி உப்பளங்களில் நீர் வற்ற வற்ற உப்புப் படிகங்கள் பெரிதாகின்றன. குதிரைமொழித் தேரியில் செம்மணல் மேடுகள் காற்றினால் இடம் பெயர்கின்றன. படிகத்தின் மேல் அதே பொருள் வெளியிலிருந்து படிகிறது. உயிரினமோ வெளியிலிருந்து பெற்ற உணவை வேதிமாற்றம் செய்து, உள்ளிருந்து வளர்கிறது.

முதன்மைப் பண்புகள்

* உயிரணு அமைப்பு: எல்லா உயிரினங்களும் ஓர் உயிரணுவாலோ பல உயிரணுக்களாலோ ஆனவை. பாக்டீரியா ஓர் உயிரணு உயிரி. நெற்பயிரும் மனிதரும் பல உயிரணு உயிரிகள்.
* வளர்சிதைமாற்றம்: உணவிலிருந்து ஆற்றல் பெறுதல், உடற்பொருளை ஆக்குதல், சிதைத்தல், கழிவை நீக்குதல் ஆகிய வேதிவினைகளின் தொகுதி. மூச்சுவிடுதலும் கழிவகற்றலும் இதனுள் அடங்கும்.
* வளர்ச்சி: உயிரணுக்கள் பெருகிப் பிரிவதாலும், வெவ்வேறு பணிகளுக்கு உரியனவாக மாறுவதாலும் நிகழ்வது.
* இனப்பெருக்கம்: தன்னை ஒத்த உயிரியைத் தோற்றுவித்தல். மரபுச் செய்தியை டி.என்.ஏ மூலக்கூறு அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்கிறது.
* எதிர்வினை: தொட்டாற்சுருங்கி தொட்டவுடன் இலையை மடக்குவதும், செடியின் தண்டு ஒளியை நோக்கி வளைவதும் எடுத்துக்காட்டுகள்.
* அகநிலை பேணல்: புறச்சூழல் மாறினும் உடலின் உள்நிலையைச் சீராக வைத்திருத்தல். கோடை வெயிலிலும் மனித உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் இருப்பது இதனாலேயே.
* படிவளர்ச்சி: மரபு மாற்றங்கள் இயற்கைத் தேர்வினால் பல தலைமுறைகளில் நிலைபெறுதல்.

உறங்கும் விதை

உலர்ந்த நெல்மணி அசைவதில்லை, வளர்வதில்லை. தோற்றத்தில் மணலைப் போன்றே கிடக்கிறது. எனினும் அதன் கருவில் வளர்சிதைமாற்றம் மிக மெதுவாக நடைபெறுகிறது. ஈரப்பதம் கூடினால் விதையின் மூச்சு விரைவாகி, சேமித்த உணவு செலவாகிறது, பூஞ்சையும் பெருகுகிறது. இதனால் விதை முளைப்புத்திறனை இழந்து இறந்துவிடுகிறது. எனவே இந்தியாவில் சான்று பெற்ற நெல்விதையின் ஈரப்பதம் பொதுவாக 13 விழுக்காட்டுக்கு மிகாமலும், முளைப்புத்திறன் 80 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும்.

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் கார், பிசானம் என இரு நெற்பருவங்கள் உள்ளன. அம்பாசமுத்திரத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் அம்பை 16 முதலிய வகைகளை உருவாக்கியது. எவ்வகை நெல்லாயினும், உயிரற்ற விதையை நாற்றங்காலில் தூவிய உழவர் அந்தப் பருவத்தின் சில நாட்களை இழப்பார். இதனைத் தவிர்க்க முளைப்புச் சோதனை செய்யப்படுகிறது. பொதுவாக 400 விதைகளை ஈரத்தில் இட்டு, 14ஆம் நாளில் இறுதிக் கணக்கு எடுப்பர்.

முளைக்காத விதை எல்லாம் இறந்தது அன்று. புதிதாக அறுவடை செய்த சில வகை நெல் உறக்கநிலையில் இருப்பதால் உடனே முளைப்பதில்லை. இறந்த விதையையும் உறங்கும் விதையையும் பிரித்தறிய டெட்ராசோலியம் சோதனை உதவுகிறது. நிறமற்ற இக்கரைசல், உயிருள்ள திசுவில் மூச்சுவிடுதலுக்குரிய நொதிகளால் சிவப்பாக மாறும். இறந்த திசு நிறம் மாறாது.

எல்லை நிலைகள்

தீநுண்மிகளுக்கு உயிரணு அமைப்பு இல்லை. தனித்த வளர்சிதைமாற்றமும் இல்லை. பிற உயிரணுவினுள் புகுந்த பின்னரே அவை பெருகுகின்றன. 1935ஆம் ஆண்டில் வெண்டல் சிட்டான்லி புகையிலைத் தேமல் தீநுண்மியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். உப்பைப் போல் படிகமாகும் ஒன்று, செடியில் செலுத்தப்பட்டவுடன் நோயை உண்டாக்கியமை உயிர் பற்றிய வரையறையை மீண்டும் ஆராயச் செய்தது. நெல்லைத் தாக்கும் துங்ரோ நோயும் தீநுண்மியால் வருவதே. பச்சைத் தத்துப்பூச்சி அதனைப் பரப்புகிறது. தீநுண்மிகள் உயிருள்ளவையா என்பதில் அறிவியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கோவேறு கழுதை பொதுவாக ஈனுவதில்லை; ஆயினும் பிற பண்புகள் அனைத்தும் இருப்பதால் அது உயிருள்ளதே. இனப்பெருக்கம் தனி உயிரிக்கு இன்றியமையாததன்று, இனத்திற்கே இன்றியமையாதது என்பதை இது காட்டுகிறது.

தமிழ் மரபில்

தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுக்கிறது. புல்லும் மரமும் தொடுஉணர்வு மட்டும் கொண்ட ஓரறிவுயிர்கள். சிதலும் எறும்பும் மூவறிவுயிர்கள். மனம் என்னும் ஆறாம் அறிவு மக்களுக்கு உரியது. நகராத தாவரங்களை உயிர்களின் வரிசையில் முதலில் வைத்தமை குறிப்பிடத்தக்கது. தமிழ் இலக்கணத்தின் உயர்திணை, அஃறிணைப் பகுப்பு இதனின்று வேறானது. பசுவும் கல்லும் ஒருங்கே அஃறிணையாதலால், அது உயிருள்ளவை, உயிரற்றவை என்னும் பகுப்பு ஆகாது.

சட்டத்தில்

2017ஆம் ஆண்டில் உத்தராகண்ட உயர் நீதிமன்றம் கங்கை, யமுனை ஆறுகளை உயிருள்ள சட்ட ஆட்களாக அறிவித்தது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை அன்னைக்கு உயிருள்ள ஆளுக்குரிய சட்டநிலையை அறிவித்தது. இவை பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட சட்ட உரிமைகளே. உயிரியல் வரையறைகள் அல்ல. ஓர் ஆற்றில் வாழும் மீன், பாசி, நுண்ணுயிர் ஆகியன உயிருள்ளவை. நீரும் மணலும் அவற்றின் வாழிடம்.

இவற்றையும் பார்க்க

* உயிரணு
* வளர்சிதைமாற்றம்
* தீநுண்மி
* விதை உறக்கம்
* தாமிரபரணி ஆறு