எதிரியக்கம் (உயிரியல், மருத்துவம்)

உடலில் ஒரு தசையோ நரம்போ மருந்தோ செய்யும் வேலைக்கு நேர்மாறாக மற்றொன்று செயல்படுவது எதிரியக்கம். தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அதனால்தான் முழங்கையை மடக்க இருதலைத் தசை, நீட்ட முத்தலைத் தசை என்று இணையாக அமைந்திருக்கின்றன. கண்ணைத் திருப்பும் தசைகளில் இந்த ஏற்பாட்டை 17-ஆம் நூற்றாண்டிலேயே டெக்கார்ட் விவரித்தார். ஒன்று சுருங்கும்போது அதன் இணைக்குரிய நரம்பணுக்களைத் தண்டுவடமே அடக்கிவைக்கிறது என்று காட்டியவர் ஆங்கிலேயரான சார்லஸ் ஷெரிங்டன் (நோபல் பரிசு, 1932). அந்த இணைக்குப் பெயர்தான் எதிர்த்தசை, வேலை நேரத்தில் அது விட்டுக்கொடுக்கிறது.

மருந்துகளின் கதை எடின்பரோவில் சூடுபிடித்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சோதனையாகக் கொடுத்த நச்சு அவரையை தாமஸ் ஃபிரேசர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் சொல்லக் கேட்ட கண் மருத்துவர் ஆர்கில் ராபர்ட்சன், 1863-இல் அதன் சாற்றைத் தம் கண்ணிலேயே விட்டுப் பார்த்தார். கண்மணி சுருங்கியது. அட்ரோபின் என்ற மருந்தோ அதை விரிக்கும். அவரையின் நஞ்சான பைசோஸ்டிக்மினால் சாகவேண்டிய முயல்களை அட்ரோபின் காப்பாற்றுவதை ஃபிரேசர் பின்னர் நிறுவினார்; அளவு மிஞ்சினால் காப்பாற்றாது என்பதையும் சேர்த்தே எழுதினார். அந்த எச்சரிக்கைதான் அவர் ஆய்வின் உயிர்நாடி.

ஏன் அளவு முக்கியம்? பைலோகார்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் பூனைக்கு உமிழ்நீர் சுரக்கும், அட்ரோபின் நிறுத்தும், மேலும் பைலோகார்பின் ஏற்றினால் திரும்பச் சுரக்கும். 1878-இல் இதை எழுதிய ஜான் லாங்லி, இரண்டும் ஒரே பொருளோடுதான் சேர வேண்டும் என்று ஊகித்தார். இன்று அதற்கு ஏற்பி என்று பெயர். தடுக்கும் மருந்து தானாக எதையும் செய்யாது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல ஏற்பியை மறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இந்தப் போட்டியை 1937-இல் மருந்தியலாளர் காடம் சமன்பாடாக்கினார். அதே வழியில் 1960-களில் ஜேம்ஸ் பிளாக் இதய நோய்க்குப் புரோப்ரனலாலை உருவாக்கினார்.

எல்லா எதிரியக்கமும் இடப்போட்டி அல்ல. கடும் ஒவ்வாமையில் ஹிஸ்டமின் இரத்தக்குழாய்களை விரிக்க, அட்ரினலின் வேறு ஏற்பிகள் வழியாக அவற்றைச் சுருக்குகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை புரோட்டமின் என்ற மருந்து நேரடியாகவே கட்டிப்போடுகிறது.

கரிமப் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் முடக்குவதும் கலபார் அவரை முடக்கிய அதே நொதியைத்தான். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இந்த நஞ்சுக்கு இன்றும் அட்ரோபினே ஏற்றுகிறார்கள். நெஞ்சில் கரகரப்பு அடங்குகிறதா, நாடித்துடிப்பு 80-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டுவார்கள். சளியும் உமிழ்நீரும் வற்றும். ஆனால் எலும்புத் தசைகளில் உள்ள ஏற்பி வேறு வகை. அங்கே அட்ரோபின் செல்லுபடியாகாது. மூச்சுத் தசைகள் செயலிழந்தால் செயற்கைச் சுவாசக் கருவிதான் வழி.